வீட்டைப் புதுப்பித்த பணம் விற்கும்போது திரும்புமா?



'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டை இடித்து மாற்றிப்பார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கட்டும்போது ஒரு கணக்காவது கையில் இருக்கும். மாற்றும்போது கணக்கு நம் கையை விட்டு மேஸ்திரியின் கைக்குப் போய்விடுகிறது.

அண்மையில் நம் மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்க வந்த மளிகைக் கடைத் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, வீட்டைக் கொஞ்சம் மாத்திக் கட்டலாம்னு இருக்கேன். பன்னிரண்டு லட்சம் ஆகும்னு சொல்றாங்க. பணம் எங்கே போகப் போகுது? நாளைக்கே வித்தாலும் போட்டது வந்திரும்ல?" என்று கேட்டார். இந்தக் கேள்வி அவருடையது மட்டும் அன்று. வியாபாரம் நன்றாக ஓடும் நாளில் நம்மில் பலரும் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்து வீட்டில் போடுகிறோம். அது செலவு அல்ல, முதலீடு என்று மனத்தைச் சமாதானம் செய்துகொள்கிறோம். அது எந்த அளவுக்கு முதலீடு, எந்த அளவுக்குச் செலவு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் பட்ட பாடு

பிறருக்குச் சொல்லுமுன் நம் கதையைச் சொல்லிவிடுவது முறை. 2008-ஆம் ஆண்டு, பருப்புக் கொள்முதல் செய்ய வேண்டிய பருவத்தில், கடை முதலிலிருந்து 9 லட்சம் ரூபாயை எடுத்து நம் பழைய வீட்டைப் புதுப்பித்தோம். தரை முழுவதும் கிரானைட், கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங், வாசலுக்குச் செதுக்கு வேலை செய்த தேக்குக் கதவு, மாடியில் ஓர் அறை. நடுவில் இருந்த முற்றத்தை மூடினோம். தாழ்வாரத்தில் நின்ற ஆறு தேக்குத் தூண்களைப் பழைய சாமான் வாங்க வந்தவரிடம் அவர் கேட்ட விலைக்கே கொடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள்.

2012-இல் பெரிய பாக்கிதாரர் ஒருவர் கை விரித்தார். நாம் வாங்கிய சரக்குக்குப் பணம் கட்டியாக வேண்டும். வீட்டை விலைக்குச் சொன்னோம். ஏழு மாதம் ஆயிற்று. வந்தவர்கள் தரையைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார்கள். அடுத்த கேள்வி, "மாடிக்குப் பிளான் அப்ரூவல் இருக்கா?" என்பதுதான். இல்லை. வங்கியிலிருந்து வந்த பொறியாளர் மாடி அறையை அளக்கவே இல்லை. முடிவில், நம் தெருவில் எந்த வேலையும் செய்யாத அதே அளவு வீடு போன விலைக்கு மேல் 2 லட்சம்தான் கிடைத்தது. 9 லட்சத்தில் 7 லட்சம் போனது மட்டுமல்ல, அந்தப் பருவத்துப் பருப்பு வியாபாரமும் போயிற்று. வாங்கியவர் குடிவந்த ஆண்டிலேயே ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து எறிந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

நாம் என்ன விலைக்குச் சரக்கு வாங்கினோம் என்று பார்த்து எந்த வாடிக்கையாளரும் விலை கொடுப்பதில்லை. சந்தை என்ன விலை சொல்கிறதோ அதுதான் விலை. ஐம்பது ஆண்டாகச் சரக்கில் அறிந்த இந்தப் பாடத்தை நாம் வீட்டில் மறந்துபோனோம்.

வீட்டின் விலை எதில் நிற்கிறது?

ஒரு வீட்டின் விலையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று மனை, மற்றொன்று கட்டடம். மனையின் மதிப்பு காலத்தோடு பெரும்பாலும் ஏறுகிறது. கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது. வீட்டு விலை ஏறியதாக நாம் மகிழ்வது பெரும்பாலும் மண்ணின் விலை ஏறியதே அன்றி, நாம் ஒட்டிய டைல்ஸின் விலை ஏறியதன்று.

மதிப்பீட்டுப் பொறியாளர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். 3 சென்ட் மனை, சென்ட் 15 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மனை மதிப்பு 45 லட்சம். அதில் 1,000 சதுர அடி கொண்ட 20 வயதுக் காங்கிரீட் வீடு. இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 22 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு என்றும், கடைசியில் இடிபொருளாக 10 சதவீதம் மிஞ்சும் என்றும் கொண்டால், 20 ஆண்டுக்குத் தேய்மானம் 6 லட்சத்து 60 ஆயிரம். கட்டட மதிப்பு 15 லட்சத்து 40 ஆயிரம். ஆக மொத்தம் 60 லட்சத்து 40 ஆயிரம்.

இந்த வீட்டில் 12 லட்சம் போட்டு அழகு செய்து 72 லட்சம் கேட்கிறோம். பொறியாளர் வந்து பார்த்து, வேலைக்காகக் கொஞ்சம் கூட்டி, 62 லட்சம் என்று எழுதுகிறார். இப்போது வாங்குபவரின் நிலையைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கடன் 49 லட்சத்து 60 ஆயிரம். மீதி 22 லட்சத்து 40 ஆயிரம் அவர் கையிலிருந்து வரவேண்டும். அதோடு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 6 லட்சத்து 48 ஆயிரம். மொத்தக் கைப்பணம் 28 லட்சத்து 88 ஆயிரம்.

அதே அளவு வீடு 62 லட்சத்துக்குக் கிடைத்தால் அவருக்கு வேண்டிய கைப்பணம் 17 லட்சத்து 98 ஆயிரம் மட்டுமே. நாம் விலையை 10 லட்சம் கூட்டினால், அவர் ரொக்கமாகத் தேடவேண்டிய தொகை 10 லட்சத்து 90 ஆயிரம் கூடுகிறது. நம் கிரானைட்டுக்கு வங்கி கடன் தராது. அந்த அழகுக்கு அவர் முழுப்பணமும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அவ்வளவு கைப்பணம் உள்ளவர் நம் தெருவில் ஏன் வாங்குகிறார்? அடுத்த நல்ல தெருவில் பெரிய மனையாகப் பார்ப்பார். ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் உச்சவிலை உண்டு. தெருவின் விலையைத் தாண்டி ஒரு வீடு மட்டும் விலை போவது அரிது.

செலவை மூன்று பற்றாகப் பிரியுங்கள்

மேஸ்திரி தரும் மதிப்பீட்டை அப்படியே வாங்கி வைக்காமல், பேரேட்டில் எழுதுவது போல மூன்று தலைப்பில் பிரித்து எழுதிப் பாருங்கள்.

முதலாவது, காப்புச் செலவு. மழைக்கு ஒழுகும் தளத்தைச் சரிசெய்து தட்டோடு பதித்தல், கம்பி துருப்பிடித்துப் பெயரும் காங்கிரீட்டைச் செப்பனிடல், பழைய மின்வயரை மாற்றுதல், துருப்பிடித்த இரும்புக் குழாயை மாற்றுதல், கரையானை ஒழித்தல், கழிவுநீர் இணைப்பைச் சீர்செய்தல் ஆகியவை இதில் அடங்கும். இந்த வேலைகள் கண்ணுக்குத் தெரியாதவை. விலையை இவை பெரிதாகக் கூட்டுவதில்லை. ஆனால் செய்யாவிட்டால் விலையை வெகுவாகக் குறைத்துவிடும். மச்சில் ஓர் ஈரக்கறையைக் கண்டால், வாங்க வருபவர் அதைச் சரிசெய்ய ஆகும் 40 ஆயிரத்தைக் கழிப்பதில்லை. உள்ளே இன்னும் என்ன இருக்கிறதோ என்று அஞ்சி லட்சங்களைக் கழிக்கிறார். மூட்டையின் மேல் ஓர் ஓரத்தில் பூஞ்சணம் கண்டால் நாம் முழு மூட்டைக்கும் விலையைக் குறைத்துக் கேட்பதில்லையா? அது போலத்தான்.

இரண்டாவது, கூட்டுச் செலவு. கூடுதல் படுக்கையறை, தரைத்தளத்தில் முதியோருக்கு வசதியான மேற்கத்தியக் கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், வெளிப்புறப் படிக்கட்டுடன் வாடகைக்கு விடத்தக்க மாடி ஆகியவை இதில் சேரும். இவை விலையைக் கூட்டும். மாடி வாடகை தந்தால், விற்கும் நாள் வரை காத்திராமல் போட்ட பணம் மாதாமாதம் திரும்பத் தொடங்கும். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அஸ்திவாரம் மேல்தளத்தைத் தாங்குமா என்று பொறியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். உரிய அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாத மாடி நம் கண்ணுக்குத்தான் மாடி. வங்கியின் கண்ணுக்கு அது வெறும் ஆகாயம்.

மூன்றாவது, அலங்காரச் செலவு. ஃபால்ஸ் சீலிங், இத்தாலிய மார்பிள், முகப்பு வேலை, வண்ண விளக்குகள், விலையுயர்ந்த சமையலறை அலமாரிகள் முதலியன. இவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாடுபட்டுச் சம்பாதித்தவர் தம் வீட்டில் ஆசைப்பட்டதைச் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் இதைச் செலவு செய்த அன்றே பற்றெழுதிவிட வேண்டும். பிள்ளை கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் போல, அனுபவித்ததோடு சரி. நம் ரசனை அடுத்தவர் ரசனையாக இருக்க வேண்டியதில்லை.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அது பணத்தைச் செலவழித்து மதிப்பைக் குறைத்துக்கொள்வது. கூடத்தைப் பெரிதாக்கப் பாரம் தாங்கும் சுவரை இடிப்பது, சன்னலை அடைத்துக் காற்றைத் தடுப்பது, வண்டி நிற்கும் இடத்தை அறையாக்குவது, கிணற்றைத் தூர்ப்பது, 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டியைச் சிமெண்ட் போட்டு மூடுவது, வாஸ்துவுக்காக வாசலை மாற்றுவது எல்லாம் இந்த வகை. வருகிறவர் தமக்கென்று ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வருவார் என்பதை நினைவில் வைக்கவும்.

பழைய வீடு வைத்திருப்போர்க்குத் தனியே ஒரு சொல். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்கள், கதவுகள், சன்னல்கள் விற்கும் கடைகளைக் காணலாம். ஒருவர் பழசு என்று தள்ளிய பொருள் அங்கே மற்றொருவருக்கு அரிய பொருள். ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கற்களை இன்று புது வீடுகளுக்கும் விரும்பி வாங்குகிறார்கள். ஆகவே பழைய தேக்கையும் தரையையும் இடிப்பதற்கு முன் விவரம் தெரிந்த இருவரிடம் விலை கேளுங்கள். நம் ஆறு தூண்களை நினைத்தால் இன்றும் மனம் வேகிறது.

முன்னறையைக் கடையாக்கலாமா?

நம் உறுப்பினர்கள் பலருக்குள்ள ஆசை இது. முன்னறையில் ஷட்டர் போட்டுக் கடையாக்கினால் வாடகை மிச்சம். வியாபாரம் நடக்கும் பெரிய தெருவானால் விற்கும்போதும் விலை கூடும். உள் சந்தானால் நிலை வேறு. குடியிருக்க வீடு தேடுபவர் ஷட்டரைக் கண்டதும் விலகுவார். கடை தேடுபவருக்கோ உள் சந்து வேண்டியதில்லை. கடையாக மாற்றினால் கட்டட உபயோகம் மாறுகிறது. அதற்கு அனுமதியும், வணிகத்துக்கான சொத்துவரியும், தனி மின் இணைப்பும் வேண்டும். இவை இல்லையானால் வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி கேள்வி எழுப்பும். இடையே வைக்கும் சுவரையும் ஷட்டரையும், பிற்காலத்தில் எடுத்துவிட்டு மீண்டும் அறையாக்க இயலும்படி அமைப்பதே புத்திசாலித்தனம்.

பொதுவில் உள்ள வீடு

இதுதான் நம் குடும்பங்களில் அதிகம் மனக்கசப்பைத் தருவது. தகப்பனார் காலத்து வீடு. அண்ணன் தம்பி மூவருக்கும் பாத்தியம். அங்கேயே குடியிருக்கும் மூத்தவர் தம் பணம் 8 லட்சத்தைப் போட்டு வீட்டைப் புதுப்பிக்கிறார். பத்தாண்டு கழித்துப் பாகப்பிரிவினை வருகிறது. "என் 8 லட்சத்தைத் தனியே எடுத்து வையுங்கள்" என்கிறார் அண்ணன். "எங்களைக் கேட்டா செய்தீர்கள்? பத்து வருஷம் வாடகையில்லாமல் இருந்தீர்களே" என்கிறார்கள் தம்பிகள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கையில் எழுத்து ஒன்றும் இல்லை. சகோதரிகளுக்கும் பங்கு உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்படிப் பிரிந்த குடும்பங்களில் ஒரே பெயரில் நடந்த கடைகளும் சேர்ந்து பிரிந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே பொது வீட்டில் ஒரு செங்கல்லைத் தொடுமுன் எல்லாப் பங்குதாரர்களையும் உட்காரவைத்துப் பேசி, யார் எவ்வளவு போடுகிறார், பின்னால் அது எப்படிக் கணக்கில் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூச்சமாக இருக்கும். பின்னால் வரும் வழக்கைவிட இந்தக் கூச்சம் மலிவு.

காகிதமும் ரசீதும்

வீட்டின் மதிப்பில் பாதி சுவரில் இருந்தால் மீதி பீரோவில் இருக்கிறது. மூலப்பத்திரம், நம் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், நடப்பு வரை சொத்துவரி ரசீது ஆகியவை ஒழுங்காக உள்ள வீடு விரைவில் விலை போகும். வரி ரசீதில் 800 சதுர அடியும் தரையில் 1,300 சதுர அடியும் இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை சதுர அடி வரை கட்டலாம் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணைய வழியே அனுமதி பெறும் வசதியும் வந்துள்ளது. உங்கள் வேலைக்கு எந்த முறை பொருந்தும் என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் கேட்டு, வேலைக்கு முன்பே பெற்றுவிடுங்கள். கட்டிய பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

அடுத்தது ரசீது. வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் ஆதாயத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. மாடி கட்டியது, அறை கூட்டியது போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவை அந்த ஆதாயத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சுண்ணாம்பு அடித்தது, சில்லறைப் பழுது பார்த்தது போன்றவை இதில் சேரா. 2001 ஏப்ரல் 1-க்கு முன் செய்த மேம்பாட்டையும் தனியே கழிக்க இயலாது. 2024 ஜூலை 23 முதல் இந்த வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடானால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிட்டு 20 சதவீதம் என்ற பழைய முறையோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

எதுவானாலும் ஆதாரம் வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் மிச்சம் என்று இரும்பும் சிமெண்டும் வாங்குகிறோம். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்று அந்த 18-ஐ மிச்சம் பிடிப்பவர், நாளை முழுச் செலவையும் காட்ட முடியாமல் நிற்பார். பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கட்டும். பணம் வங்கி வழியே போகட்டும். வீட்டு வேலைப் பில்லைக் கடைக் கணக்கில் ஏற்றி உள்ளீட்டு வரி எடுக்கும் எண்ணம் அறவே கூடாது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் வீட்டு விவரத்துக்கு ஏற்ற கணக்கை ஆடிட்டரிடம் ஒருமுறை பேசித் தெளிவு பெறுக.

கல்லாவில் கை வைக்குமுன்

கடைசியாக ஒன்று. கடையில் நிற்கும் 10 லட்சம் ஆண்டுக்குப் பல முறை சரக்காகி, விற்பனையாகி, மீண்டும் பணமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது லாபம் தருகிறது. அதே 10 லட்சம் சுவரில் ஏறிவிட்டால் உறங்கிவிடுகிறது. மில்லுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் சுவரிலிருந்து ஒரு ரூபாயைக்கூடச் சுரண்டி எடுக்க முடியாது. பிறகு அதே கடைக்கு வெளியில் வட்டிக்கு வாங்குகிறோம்.

ஆகவே நம் யோசனை இது. காப்பு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு சிறு தொகையை அதற்கென்று ஒதுக்குங்கள். கூட்டு வேலையை அனுமதியோடு, வாடகை வருமா என்று பார்த்துச் செய்யுங்கள். அலங்காரத்தை, கடை முதலில் கை வைக்காமல், திரும்ப வராது என்று தெரிந்தே, ஆசைக்கு அளவாகச் செய்துகொள்ளுங்கள்.

நம் மளிகைக் கடைத் தம்பியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். 12 லட்சத்தில் காப்பு வேலை 3 லட்சம்தான். மாடிக்கு இனிமேல்தான் அனுமதி வாங்க வேண்டும். மீதமெல்லாம் அலங்காரம். "ஒழுகுறதை மட்டும் இப்ப பார்க்கிறேன் அண்ணாச்சி. மத்தது அப்ரூவல் வந்த பிறகு யோசிக்கிறேன்" என்றார். நம் வீட்டுக்காரம்மா 2008-இல் இதையேதான் நம்மிடம் சொன்னார். அன்று நாம் கேட்கவில்லை.